உதவி: மலைப்பாதையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை, அவசரம்

நாலாவது_கியர்:
நண்பர்களோடு வரிசையாக மலை ஏறிக்கொண்டிருந்தோம். என்னுடைய ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் படுத்துவிட்டது. பேட்டரி புதுசு, பெட்ரோல் இருக்கிறது. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், சிக்னல் விட்டுவிட்டு வருகிறது.

ஸ்பேனர்13:
என்ன கார், எந்த வருஷம்? ஓடும்போதே நின்றதா, அணைத்த பிறகு கிளம்பவில்லையா? ஸ்டார்ட்டர் சுற்றுகிறதா, டக் டக் சத்தம் மட்டுமா?

மழைத்துளி:
சூட்டு முள் எங்கே நிற்கிறது? வளைவில் நிற்கிறீர்கள் என்றால் முதலில் வண்டியைத் தள்ளி ஓரங்கட்டி ஹசார்ட் விளக்கைப் போடுங்கள்.

பழைய_கார்பரேட்டர்:
கேள்வியே வேண்டாம், வேப்பர் லாக். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். ஈரத்துணியைச் சுற்றுங்கள், கிளம்பிவிடும்.

ஸ்பேனர்13:
அண்ணா, இன்ஜெக்‌ஷன் (கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அழுத்தமும் அதிகம். அதில் வேப்பர் லாக் அபூர்வம். கொதிக்கிற இன்ஜினில் ஒயர்களுக்கு நடுவே ஈரத்துணி எல்லாம் வேண்டாம்.

சர்க்யூட்_ராஜா:
இந்த மாதிரி வண்டி வாங்குகிறவர்கள் கையேட்டை ஒருதரமாவது புரட்டலாம். விரட்டிவிட்டு உடனே அணைத்திருப்பீர்கள். டர்போவை (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சுழலி) இரண்டு நிமிஷம் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜினை ஓடவிட்டு, ஆறவிடுவது பாலபாடம், தம்பி. நான் எத்தனையோ முறை எழுதியாயிற்று.

நாலாவது_கியர்:
போட்டோ எடுக்க மேலே நிறுத்தினோம். அதுவரை ஒரு குறையும் இல்லை. இப்போது ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. சூடு நடுவில்தான்.

ஸ்பேனர்13:
சரி, இப்போதுதான் விஷயத்துக்கு வந்தோம். ஓடும்வரை கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) காற்றும் சூட்டை இழுத்துக்கொண்டிருக்கும். அணைத்ததும் இன்ஜினில் தேங்கிய சூடு பக்கத்துப் பாகங்களில் ஏறும். தளர்ந்துபோன கிராங்க் சென்சார் (இன்ஜின் தண்டின் சுழற்சியைக் கவனிக்கும் உணரி) அந்தச் சூட்டில்தான் கைவிடும். பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) பொறியும் தராது, பெட்ரோலும் தராது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் வேகம் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது துடிக்கிறதா? (சில வண்டிகளில் எப்படியும் அசையாது, அதையே முழுசாக நம்பாதீர்கள்.) சாவியைப் போட்டதும் டேங்க் பக்கம் ஓரிரு விநாடி பம்ப் முனகுகிறதா?

எதிர்க்காற்று:
ராஜா சார், தண்ணீரில் குளிரும் டர்போக்களுக்கு ஐடில் சடங்கு எதற்கு? பல வண்டிகளில் அணைத்த பிறகும் மின்பம்ப் கூலன்ட்டைச் சுற்றவிடுகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே போதும்.

சர்க்யூட்_ராஜா:
‘பல வண்டிகளில்’. எல்லாவற்றிலும் இல்லை. ஆயில் கருகி பேரிங் போனால் நீங்களா பணம் தருவீர்கள்? நான் டிராக்கில் ஓட்டுகிறவன்.

எதிர்க்காற்று:
டிராக்கிலும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டித்தானே ஆற்றுகிறார்கள்?

மழைத்துளி:
அவர் வண்டியில் டர்போ இருக்கிறதா என்றே இன்னும் தெரியாது. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது_கியர்:
முள் அசையவே இல்லை. பம்ப் சத்தம் வருகிறது. கயிறு கட்டி இழுத்துக் கீழே இறக்கலாம் என்கிறார்கள், செய்யட்டுமா?

மழைத்துளி:
வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதியிலேயே, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டர் காலி, அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் கனக்கும். இறக்கத்தில் அது விபரீதம். டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் உள்ள தானியங்கி கியர்) என்றால் நாலு சக்கரமும் மேலே ஏற்றும் லாரிதான் சரி. அதில் ஏற்றவும் இழுவைக் கொக்கி வேண்டும். டூல் பையில் இருக்கும், பம்பரிலுள்ள சின்ன மூடியைக் கழற்றித் திருகுங்கள். சில வண்டிகளில் மரை தலைகீழ், இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும்.

ஸ்பேனர்13:
லாரிக்குச் சொல்லிவிட்டு, இன்ஜின் மூடியைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். கூலன்ட் மூடியைத் தொடாதீர்கள். ஆறியதும் ஆர்பிஎம் முள்ளும் எழுந்து இன்ஜினும் பிடித்தால் சென்சார் சந்தேகம் பலப்படும்.

நாலாவது_கியர்:
ஸ்டார்ட் ஆகிவிட்டது. கிளம்புகிறோம். நன்றி.

ஸ்பேனர்13:
பொறுங்கள், ஓடும்போதும் நின்றுவிடலாம். லாரி வரட்டும். ஸ்கேனர் வைத்துப் பார்க்காமல், ஈசியூவில் பதிந்திருக்கும் எரர் கோடை (பிழைக் குறியீட்டை) அழிக்காதீர்கள்.

எதிர்க்காற்று:
போய்விட்டார்.

நாலாவது_கியர்:
வந்து சேர்ந்தோம். ஸ்கேன் செய்ததில் பி0335 என்று வந்தது. சென்சார் மாற்றியாயிற்று.

ஸ்பேனர்13:
அது கிராங்க் சென்சார் சர்க்யூட் கோடுதான். கனெக்டரையும் ஒயரையும் பார்த்தார்களா? சூட்டில் ஒயர் உறை வெடித்திருந்தாலும் இதே கோடு வரும்.

பழைய_கார்பரேட்டர்:
ஆறினதும் கிளம்பியதா இல்லையா? வேப்பர் லாக்கும் அப்படித்தான் போகும்.