வீட்டில் பிராந்தி அலெக்சாண்டர்: கிரீம் திரியாமல் செய்வது எப்படி?

குன்னூர் வாசி:

வணக்கம் நண்பர்களே. கிறிஸ்துமஸுக்கு அக்கா குடும்பமும் மாமாவின் கூட்டாளிகள் சிலரும் குன்னூருக்கு வருகிறார்கள். எல்லாரும் பிராந்தியில் தண்ணீர் கலந்து குடித்துப் பழகியவர்கள். இந்த முறை சாப்பாடு முடிந்ததும் பாயசத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ் பிராந்தி அலெக்சாண்டர் கொடுக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. பிராந்தி, கிரீம் டி கக்காவ் என்கிற கொக்கோ லிக்கர், கிரீம் மூன்றையும் ஐஸ் போட்டுக் குலுக்கி, மேலே ஜாதிக்காய் துருவுவது என்ற அளவுக்குத் தெரியும். ஆனால் அந்த லிக்கர் இங்கே எந்தக் கடையிலும் கண்ணில் படவில்லை. அதற்குப் பதில் என்ன போடலாம்? வீட்டில் காய்ச்சுகிற பாலின் ஆடையையே கிரீமாகப் பயன்படுத்தலாமா? பிராந்தி பட்டதும் திரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலை. ஷேக்கரும் கிடையாது.

ஊட்டி பார்மேன்:

தம்பி, ஊட்டியில் ஒரு ஹோட்டல் பாரில் பல வருடம் நின்றவன் நான். கிரீமை மட்டும் சரியாக வாங்கிவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. பாலாடை வேண்டாம். காய்ச்சிய பால் மேல் படிகிற ஆடையில் கொழுப்போடு சேர்ந்து வெந்த புரதமும் இருக்கிறது, மிக்ஸியில் எவ்வளவு அடித்தாலும் கிளாஸில் திப்பிதிப்பியாக மிதக்கும். டெட்ரா பேக்கில் வருகிற ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம், அது போதும். பாலிலிருந்து எடுத்த விப்பிங் கிரீம் என்றால் 35 சதவீதம் பக்கம் இருக்கும், இன்னும் நல்லது. ஆனால் கேக் மேல் பூசுவதற்கு விற்கிற பல கிரீம்கள் தாவரக் கொழுப்பில் செய்தவை, சர்க்கரையும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதைக் குடித்தால் அண்ணத்தில் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும். லேபிளைப் பார்த்து வாங்கு.

ஏன் திரிகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். பாலில் உள்ள கேசின் என்கிற புரதம் புளிப்பு பட்டாலும் திரளும், சாராயச் சத்து அதிகமானாலும் திரளும். கொழுப்பு கூடக் கூட அந்தப் புரதத்தின் பங்கு குறைந்துவிடும், அதனால்தான் கெட்டி கிரீம் தாங்குகிறது, வெறும் பால் தாங்குவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு எதையும் பக்கத்தில் கொண்டுவராதே. எல்லாம் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்கட்டும்.

அளவு விஷயம். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு மூன்றும் 30 மில்லி. அது கொக்கோ லிக்கரிலும் ஆல்கஹால் இருக்கிறது என்ற கணக்கு. நீ வீட்டில் ஆல்கஹால் இல்லாத கொக்கோ சிரப் போடுவதாக இருந்தால் பிராந்தி 45, சிரப் 25, கிரீம் 30 என்று வை. ஒரு குவார்ட்டரில் சரியாக நாலு கிளாஸ் வரும்.

ஷேக்கர் இல்லை என்று கவலைப்படாதே, மூடி இறுக்கமாக உள்ள அகலவாய் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதுவே ஷேக்கர். இரண்டு அடுக்கு ஃபிளாஸ்க் மட்டும் வேண்டாம், உள்ளே எவ்வளவு குளிர்ந்தது என்று கைக்குத் தெரியாது. முதலில் பிராந்தியும் சிரப்பும், அப்புறம் கிரீம், ஐஸ் இல்லாமல் ஒரு பத்து விநாடி குலுக்கு. பிறகு பாட்டிலில் பாதிக்கு மேல் ஐஸ் கட்டிகளைப் போட்டு, மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேகமாகக் குலுக்கு. வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூத்து, பிடித்திருக்கிற விரல் மரத்துப்போக ஆரம்பிக்கும், ஐஸ் சத்தமும் 'கடகட' என்பதிலிருந்து மந்தமாக மாறும். அந்த இடத்தில் நிறுத்து, இன்னும் குலுக்கினால் தண்ணீர்தான் ஏறும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் டீ வடிகட்டி வழியாக ஊற்று. மேலே விரல் பருமனுக்கு நுரை நின்றால் சரியாக வந்திருக்கிறது.

பிராந்தி வாங்கும்போதும் லேபிளைப் பார். நம் ஊர் பிராந்தியில் பெரும்பாலானவை கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட் கலந்தவை. முழுக்க திராட்சையில் செய்தது கிடைத்தால் இந்தப் பானத்துக்கு அதுதான், கிரீமுக்கு அடியில் அந்தப் பழவாசம் தனியாகத் தெரியும்.

பேக்கரி அக்கா, கோத்தகிரி:

கொக்கோ சிரப் நான் சொல்கிறேன் தம்பி. 100 கிராம் சர்க்கரை, 100 மில்லி தண்ணீர், இனிப்பில்லாத கொக்கோ பவுடர் இரண்டு மேஜைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. பவுடரை முதலில் சர்க்கரையோடு கலந்துவிட்டு அப்புறம் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழாது. கொதி வந்ததும் மூன்று நிமிடம், பிறகு ஈரமான மெல்லிய துணியில் வடிகட்டி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வை. வெனிலா எசென்ஸ் இரண்டு சொட்டு ஆறின பிறகு.

அவசரம் இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். வறுத்த கொக்கோ பருப்பை உடைத்து பிராந்தியிலேயே ஐந்தாறு நாள் ஊறப் போட்டு வடிகட்டி, சர்க்கரைப் பாகு சேர்ப்பது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ போடுகிறார்கள், அந்தப் பருப்பு கோயம்புத்தூர் வரைக்கும் போனால் கிடைக்கும். வாசனை பவுடரில் வருவதைப் போல மேலோட்டமாக இருக்காது, லேசான கசப்போடு ஆழமாக இருக்கும். இதில் ஆல்கஹால் இருப்பதால் பார்மேன் அண்ணன் சொன்ன 30, 30, 30 அளவுக்கே போகலாம்.

ஜாதிக்காய்த் தூள் பாக்கெட் வாங்காதே, தயவுசெய்து. மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியாரில் முழு ஜாதிக்காய் கிடைக்கிறது, அங்கேயே விளைகிறது. ஒன்றைப் பாதியாக நறுக்கிப் பார், உள்ளே பழுப்பும் வெளுப்பும் கோடு கோடாக ஓடியிருக்கும், வாசம் அந்தக் கோட்டில்தான். கொடுக்கிற நேரத்தில் கிளாஸ் மேலேயே இரண்டு இழுப்பு துருவு, அதற்கு மேல் போட்டால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது.

பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் தனியாக ஒரு பாட்டிலில் கிரீம், சிரப், குளிர்ந்த பால் குலுக்கிக் கொடு. ஜாதிக்காயைப் பிள்ளைகள் கிளாஸில் விட்டுவிடலாம். பெரியவர்கள் கிளாஸில் ஒரு ஸ்பூன் ஆறின காபி டிகாக்‌ஷன் சேர்த்தால், பிராந்தி இல்லாத குறையே தெரியாது.

கொடைக்கானல் பையன்:

இவ்வளவு பாடு எதற்கு ப்ரோ? கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், ஃப்ரெஷ் கிரீம் ஒரு பாக்கெட், விஸ்கி ஒரு கிளாஸ், இரண்டு ஸ்பூன் கொக்கோ, கொஞ்சம் இன்ஸ்டன்ட் காபி, எல்லாவற்றையும் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் ஐரிஷ் கிரீம் ரெடி. முந்தின நாளே செய்து வைத்துவிட்டு விருந்தாளிகளோடு உட்காரலாம்.

ஊட்டி பார்மேன்:

அதுவும் நல்ல பானம்தான் தம்பி, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்டென்ஸ்டு மில்க் வந்தால் வேறெதுவும் வாயில் நிற்காது. பிரியாணி சாப்பிட்டு வந்தவனுக்கு அந்த இனிப்பு ரொம்ப கனம். கடையில் விற்கிற ஐரிஷ் கிரீம், 1974இல் வந்த பெய்லிஸ் உட்பட, கொழுப்பை மெஷினில் நுண்ணிய துளியாக உடைத்துக் கலந்தது, அதனால் மாதக்கணக்கில் நிற்கும். மிக்ஸியில் அது நடக்காது, கொழுப்பு மேலே கட்டிக்கொள்ளும். செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அலெக்சாண்டரின் அழகே அப்போதைக்கு அப்போது குலுக்குவதில்தான் இருக்கிறது.

குன்னூர் வாசி:

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை பர்லியார் போய் ஜாதிக்காய் வாங்கிவிடுகிறேன். பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒவ்வொரு கிளாஸாகக் குலுக்கினால் கடைசி ஆளுக்கு வர அரை மணி நேரம் ஆகுமே?

ஊட்டி பார்மேன்:

பன்னிரண்டு பேருக்கு மூன்று குவார்ட்டர் பிராந்தி, 300 மில்லி சிரப். இந்த இரண்டையும் காலையிலேயே ஒரு பாட்டிலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு, கெடாது. கிரீமை மட்டும் கலக்காதே. கொடுக்கிற நேரத்தில் அந்தக் கலவை 140, கிரீம் 60 எடுத்து இரண்டிரண்டு கிளாஸாகக் குலுக்கு, ஆறு தடவையில் முடிந்துவிடும். மாமாவை வடிகட்டப் பக்கத்தில் நிறுத்திக்கொள்.

ஒன்று மட்டும் அவர்களிடம் முன்கூட்டியே சொல். பிராந்தி 42.8 சதவீதம், கலந்து ஐஸ் கரைந்த பிறகும் கிளாஸில் 15 சதவீதம் பக்கம் இருக்கும், ஒயினை விடக் கூடுதல். கிரீமும் இனிப்பும் அதை நாக்குக்குக் காட்டாது, ஐஸ்கிரீம் மாதிரி இறங்கும். ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அன்று ராத்திரி யாரும் மலைப்பாதையில் வண்டி எடுக்கக் கூடாது, எல்லாருக்கும் பாய் விரித்துவிடு. காலி பாட்டில்களைச் சேர்த்து வைத்து டாஸ்மாக்கில் திருப்பிக் கொடு, ஒன்றுக்கு 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். 2022இல் இந்தத் திட்டம் நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. காட்டோரம் உடைந்து கிடக்கிற கண்ணாடி யானையின் காலைக் கிழிக்கிறது, அதனால் ஒரு பாட்டில்கூட வெளியே போகக் கூடாது.