300 பிளாக்அவுட்: சப்சானிக் தோட்டா சிக்குது, அடிபட்ட பன்னியும் ஓடிப்போச்சு. வழி சொல்லுங்க

குலசேகரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். நான் குலசேகரம் பக்கம், ரப்பரும் மரச்சீனியும் போட்டிருக்கேன். அக்காவும் அத்தானும் டெக்சாஸ்ல இருக்காங்க, ரெண்டு பேருக்கும் கிரீன் கார்டு. அத்தானுக்குத் தமிழ்ல டைப் பண்ண வராது, அதனால அவருக்காக நான் கேக்கேன்.

போன வருஷம் அவரு 300 பிளாக்அவுட் ரைஃபிள் ஒண்ணு வாங்கினாரு. ஏ.ஆர். மாடல், 16 இஞ்ச் பேரல். "பன்னி வேட்டைக்கும் ஆகும், சைலன்சர் மாட்டினா சத்தமும் இருக்காது, எல்லாத்துக்கும் இது ஒண்ணு போதும்"னு சொன்னதைக் கேட்டு வாங்கினது.

110 கிரெய்ன் (தோட்டாவுல இருந்து பறக்கிற சன்னத்தோட எடை) தோட்டா போட்டா ஒரு தடையும் இல்ல. 220 கிரெய்ன் சப்சானிக், அதாவது ஒலியைவிட மெதுவா ஓடுற தோட்டா, போட்டாத்தான் வினை. சுட்ட காலிக்கூடு வெளிய தெறிக்காம ஜன்னல்லயே நட்டுக்க நின்னுடுது. சைலன்சர் மாட்டினா கொஞ்சம் பரவால்ல, ஆனா அப்பவும் நாலஞ்சு தடவைக்கு ஒரு தடவை சிக்கும். மேகசீன் தீர்ந்தா போல்ட் பின்னால நிக்கணும்லா, அதும் நிக்கல.

இதைவிட மனசுக்குக் கஷ்டமான காரியம் ஒண்ணு உண்டு. ரெண்டு நாளைக்கு முந்தி ராத்திரி, தெரிஞ்சவரு பண்ணையில 80 கஜத்துல நின்ன பன்னிய அந்த 220 தோட்டாவால சுட்டிருக்காரு. பன்னி கத்திக்கிட்டே ஓடிப்போச்சு. ரெண்டு மணி நேரம் டார்ச் அடிச்சுத் தேடியும் கிடைக்கல. புல்லுல கொஞ்சம் ரத்தம், கூடவே ஒரு சின்ன எலும்புச் சில்லு. அத்தான் அன்னைக்கு ராத்திரி தூங்கலைன்னு அக்கா சொன்னா. தப்பு துப்பாக்கியிலயா, தோட்டாவுலயா, ஆளுலயா?

அடுத்த மாசம் விசிட்டர் விசால நானும் அங்க போறேன். நானும் சுட்டுப் பாக்கலாமா? எங்க மரச்சீனி விளையிலயும் பன்னித் தொல்லை தாங்க முடியல, இந்தத் தோட்டா நம்ம ஊருக்கு ஆகுமான்னும் சொல்லுங்க.

பழைய ஆர்மரர், நாகர்கோவில்

தம்பி, பட்டாளத்துல 22 வருஷம் ஆயுதம் பழுது பாத்தவன் நான். எங்க காலத்து 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள்ல கேஸ் ரெகுலேட்டர்னு ஒரு வளையம் உண்டு. அதைத் தேவைக்கு மேல திறந்து வச்சா மருந்து எரிஞ்சு வர்ற வாயு, அதான் கேஸ், எல்லாம் வெளியேறிடும், போல்ட் முழுசாப் பின்னால போகாது, காலிக்கூடு வாசல்ல மாட்டும். நீங்க சொல்றது அச்சு அசல் அந்த நோய்தான். போல்ட்டைத் தள்ள கேஸ் பத்தல.

மூணு விவரம் வேணும். கேஸ் பிளாக்ல திருகு வச்சு அளவு மாத்துற ஏற்பாடு உண்டா? பின்கட்டைக்குள்ள போல்ட்டைத் தாங்குற எடைக்கட்டை, அந்த பஃபர் முகத்துல என்ன எழுதியிருக்கு? எந்தத் தோட்டாவ வச்சு, எத்தனை கஜத்துல ஸ்கோப்பை ஜீரோ பண்ணினாரு, அதாவது குறி வச்ச இடத்துலயே சன்னம் படுற மாதிரிச் சரிபண்ணினாரு? கடைசிக் கேள்விக்குத்தான் முதல்ல பதில் வேணும்.

குலசேகரத்தான்

அண்ணாச்சி, வீடியோ கால்ல கழற்றிக் காட்டினாரு. பஃபர்ல "எச்2"ன்னு இருக்கு. கேஸ் பிளாக்ல ஆலன் சாவி போடுற திருகு உண்டு. சைலன்சரோட 110 தோட்டா சுடும்போது முகத்துல புகை அடிச்சுதாம், அதனால ரொம்ப முறுக்கி அடைச்சிட்டாராம். ஜீரோ பண்ணினது 110 கிரெய்ன்ல, 100 கஜத்துல. அதுக்கப்புறம் ஸ்கோப்பைத் தொடவே இல்லையாம்.

பழைய ஆர்மரர், நாகர்கோவில்

அப்போ ரெண்டு நோய்க்கும் வேர் ஒண்ணுதான். ஒரு தோட்டாவுக்குச் செஞ்ச அமைப்பை வச்சுக்கிட்டு இன்னொரு தோட்டாவைச் சுட்டிருக்காரு.

300 பிளாக்அவுட்டை ஒரே தோட்டான்னு நினைக்காதீங்க, ஒரே கூட்டுக்குள்ள ரெண்டு சாதி இருக்கு. 5.56 ரைஃபிளோட போல்ட்டையும் மேகசீனையும் அப்படியே வச்சுக்கிட்டு, பேரலை மட்டும் மாத்தி 7.62 சன்னத்தைச் சுடணும்னு பண்ணின வடிவம் இது. 1990-கள்லயே 300 விஸ்பர்னு இதே யோசனையில ஒண்ணு வந்திருந்தது. 2011-ல அமெரிக்கத் தர அமைப்பு சாமி பிளாக்அவுட்டை ஏத்துக்கிட்டுது. கூடு சின்னது, மருந்து கொஞ்சம். லேசான 110 கிரெய்ன் சன்னம் வினாடிக்கு 2,300 அடி கிட்ட ஓடும். 220 கிரெய்ன் சன்னத்தை வேணும்னே 1,000 அடிக்குப் பக்கத்துல கட்டி வைக்கிறாங்க. காத்துல ஒலியோட வேகம் 20 டிகிரியில சுமார் 1,125 அடி. அதுக்குக் கீழ ஓடினா சன்னம் சாட்டை சொடுக்குற மாதிரி வர்ற சத்தத்தைக் கிளப்பாது. சைலன்சர் அடக்குறது பேரல் வாயில வெடிக்கிற சத்தத்தை மட்டுந்தான். அந்தச் சாட்டைச் சத்தம் பறக்கிற சன்னத்துல இருந்து வருது, எந்தச் சைலன்சரும் அதைப் பிடிக்காது. 110 தோட்டாவைச் சைலன்சரோட சுட்டும் பெகளம் அடங்கலையேன்னு பலபேரு குறைப்படுறது இதனாலதான்.

சப்சானிக்ல மருந்து குறைவு, கேஸ் குறைவு. அத்தான் கேஸ் வழியையும் அடைச்சாச்சு, எச்2ங்கிற கனமான பஃபரையும் போட்டாச்சு. அது 130 கிராம் வரும், சாதாரண கார்பைன் பஃபர் 85 கிராம்தான். பாவம் போல்ட் எப்படி நகரும்? சைலன்சர் மாட்டினா கேஸ் கொஞ்ச நேரம் உள்ள தங்கி அழுத்தம் கூடும், அதான் அப்போ பாதி வேலை செய்யுது.

முதல்ல மேகசீனைக் கழற்றி, தோட்டா உக்காருற சேம்பர் காலியான்னு விரலால தடவிப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் சாதாரண பஃபரைப் போட்டுட்டு, சைலன்சரையும் சப்சானிக்கையும் வச்சுக் கேஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறக்கணும். மேகசீன்ல ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடணும், போல்ட் பின்னால நிக்குதான்னு பாக்கணும். தொடர்ந்து அஞ்சு தடவை நின்னா அதுக்கு மேல கால் சுத்து திறந்து விட்டுடுங்க, குளிருக்கும் அழுக்குக்கும் அது ஈடு. எத்தனை சுத்துன்னு எழுதி வைக்கணும். 110-க்கு மாறும்போது திரும்ப அடைக்கணும்லா.

சைலன்சரை ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் நேரா நிக்குதான்னு அளவுக்கம்பி விட்டுப் பாக்கணும். கோணலா இருந்தா சன்னம் உள்தடுப்புல உரசிடும்.

தக்கலைக்காரன் (இப்போ சான் அன்டோனியோ)

மக்கா, அந்த எலும்புச் சில்லுதான் எல்லாத்தையும் சொல்லுது. கணக்குப் போட்டுப் பாத்தேன். 110 கிரெய்னுக்கு 100 கஜத்துல ஜீரோ பண்ணின ஸ்கோப்ல 220 சப்சானிக்கைச் சுட்டா, 50 கஜத்துல மூணரை நாலு அங்குலம் கீழ போகும். 80 கஜத்துல எட்டரை ஒன்பது அங்குலம், அதாவது ஒரு சாண் கீழ. 100 கஜத்துல ஒரு அடிக்கும் மேல. அத்தான் தோளுக்குப் பின்னால குறி வச்சிருப்பாரு, சன்னம் முன்னங்கால்ல பட்டிருக்கும். ஆளு மேல தப்பு இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா குறி தப்பல, ஜீரோதான் வேற தோட்டாவோடது.

இன்னொண்ணு, எந்த 220 தோட்டா அது? பெட்டியில மேட்ச்னு போட்டிருந்தா அது தாளைச் சுடத்தான். அந்த மெதுவான வேகத்துல அது விரியாது, ஊசி மாதிரித் துளைச்சிட்டுப் போயிடும். பலத்தைப் பாத்தாலும் 220 சப்சானிக் 500 அடி-பவுண்டு, 110 கிரெய்ன் 1,350 பக்கம். முதல்ல சொன்னது கைத்துப்பாக்கி ரகம் மக்கா. பன்னித் தோள்ல தடிச்ச கேடயம் மாதிரித் தோல் வேற இருக்கு.

சப்சானிக்தான் வேணும்னா குறைஞ்ச வேகத்துல விரியறதுக்குன்னே பண்ணினதை வாங்கச் சொல்லு. ஹார்னடி 190 கிரெய்ன் சப்-எக்ஸ் அந்த ரகம். 50 கஜத்துக்குள்ள, பக்கவாட்டுல நிக்கிற பன்னி மட்டும். மத்த எல்லாத்துக்கும் 110 கிரெய்ன் செம்புச் சன்னம், சத்தம் வந்தா வரட்டும். அடிபட்ட உசுரு ராத்திரி முழுக்கத் துடிக்கிறதுக்குப் பதிலா சத்தம் எவ்வளவோ மேல்.

அத்தான்கிட்ட 5.56 ரைஃபிளும் இருக்கா? இருந்தா இதை இன்னைக்கே சொல்லு. ரெண்டுக்கும் ஒரே மேகசீன். பிளாக்அவுட் தோட்டா, முக்கியமா சின்ன 110 கிரெய்ன், 5.56 சேம்பருக்குள்ள சில நேரம் சன்னம் பின்னால அமுங்கி ஏறிடும். 0.308 அங்குலச் சன்னம் 0.224 அங்குலத் துளையில போக வழி இல்ல, துப்பாக்கி கையிலயே வெடிக்கும். நான் பிளாக்அவுட் மேகசீன்ல எல்லாம் சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கேன், ஒரே நேரத்துல ரெண்டு ரைஃபிளையும் வெளிய எடுக்கவே மாட்டேன்.

இனி உன் காரியம். டெக்சாஸ்ல தனியார் நிலத்துல, நிலத்துக்காரரு சம்மதிச்சா காட்டுப்பன்னி சுட லைசென்ஸ் வேண்டாம், 2019-ல இருந்து அப்படித்தான். இதைக் கேட்டுட்டுப் பலபேரு மாட்டிக்கிறாங்க. விசிட்டர் விசால வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு அமெரிக்க மத்திய அரசுச் சட்டம் தனியா இருக்கு. அதுல இருக்கிற விலக்குல ஒண்ணு, இங்க வாங்கின வேட்டை லைசென்ஸ் செல்லுபடியா இருக்கணும்ங்கிறது. அதனால பன்னிக்குத் தேவையில்லைன்னாலும் உனக்கு அந்தக் காகிதம் தேவை. முதல்ல அதை வாங்கிப் பாக்கெட்ல வச்சிட்டு அப்புறம் துப்பாக்கிய தொடு.

திரும்பும்போது சட்டைப்பை, பை மடிப்பு எல்லாம் உதறிப் பாரு. ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல ஆயுதச் சட்டத்துல கேசு.

அருமநல்லூர் வாழைத்தோட்டம்

ஊர்ப் பன்னி பத்தி நான் சொல்லுதேன் தம்பி, எங்க மட்டி வாழையும் மரச்சீனியும் போன பயிருல பாதி போச்சு. அந்தத் தோட்டா இங்க ஆகவே ஆகாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல காட்டுப்பன்னியும் உண்டு. அடுத்த தோட்டா தானா ஏறுற ரைஃபிளோ சைலன்சரோ சாதாரண உரிமத்துல கிடைக்காது. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் வச்சிருந்தாலும், பன்னிய நாமளா சுட அது அனுமதி ஆகாது.

கேரளாவுல 2022-ல பஞ்சாயத்துத் தலைவருக்கே உத்தரவு போடுற அதிகாரம் குடுத்திருக்காங்க. களியக்காவிளை தாண்டினா ஒரு சட்டம், இங்க ஒரு சட்டம். நம்ம தமிழ்நாட்டுல 2025 தொடக்கத்துல அறிவிச்சது வேற மாதிரி. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது. 1-ல இருந்து 3 வரைக்கும் கூண்டு வச்சுப் பிடிச்சுக் காட்டுல விடணும். 3-க்கு அப்புறந்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆளுதான் செய்யணும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் நிறைய விளை அந்த 3 கிலோமீட்டருக்குள்ளயே வந்துரும். எனக்கு இதுல வருத்தந்தான், மறைக்கல. மனு குடுத்து வனவர் வந்து பாத்தாத்தான் இழப்பீடும் கிடைக்கும், அழிஞ்ச அன்னைக்கே போட்டோ எடுத்து வையுங்க. நேரடிக் கரண்டு கம்பி, அவுட்டுக்காய் (தீனிக்குள்ள ஒளிச்சு வைக்கிற நாட்டு வெடி) ரெண்டையும் நினைக்கவே நினைக்காதீங்க. அதுல பன்னி மட்டும் சாகாது, ஆனையும் மனுசனும் செத்திருக்கு.

குலசேகரத்தான்

பத்து நாள் கழிச்சு எழுதுதேன். பஃபர் மாத்தி, கேஸ் திருகை ஒண்ணேமுக்கால் சுத்து திறந்ததுல சைலன்சரோட 20 சப்சானிக் சுட்டாரு, ஒண்ணுகூட சிக்கல. சைலன்சரைக் கழற்றினா 10-ல ஒண்ணு இன்னும் மாட்டுது. அண்ணாச்சி, அதுக்கு இன்னும் கொஞ்சம் திறக்கலாமா?

சப்சானிக்குக்குத் தனியா 50 கஜத்துல ஜீரோ பண்ணி, எத்தனை கிளிக்னு ஸ்கோப் மூடியில வெள்ளை பெயின்ட்ல எழுதியிருக்காரு. அவர்கிட்ட 5.56-ம் இருக்கு. டேப் சுத்தியாச்சு, அக்கா நெயில் பாலிஷ்ல ஒவ்வொரு மேகசீன் அடியிலயும் கோடு வேற போட்டா. 220 பெட்டியப் பாத்தா மேட்ச்னுதான் இருந்தது. என் வேட்டை லைசென்சுக்கு வழி கேட்டு வச்சிருக்கேன், கிடைக்கலைன்னா பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்துருவேன்.

அந்தப் பன்னிய மூணாம் நாள் பண்ணைக்காரரு ஓடைக்கரையில கண்டிருக்காரு, உசுரோட. அவரே முடிச்சு வச்சாரு. வலது முன்னங்கால், முட்டுக்கு ரெண்டு விரக்கடை கீழ.

பழைய ஆர்மரர், நாகர்கோவில்

கால் சுத்து திற. அதுக்கும் மாட்டினா திருகை விட்டுடு, மேகசீனை மாத்து. கனமான சன்னத்தோட மூக்கு 5.56 மேகசீன் உள்வரம்புல உரசும், பிளாக்அவுட்டுக்குன்னே தனி மேகசீன் விக்கிறாங்க.