புதுப்பிப்பு: நீண்ட பயணத்தின் முடிவில் பாங்கொக்கில் 2 நாள், முழங்கால் வலியுள்ள அம்மாவோடு

திருகோணமலைக்கு நேற்றுத்தான் வந்து சேர்ந்தோம். ஒரு மாதம் அலைந்து களைத்த அம்மாவைக் கடைசி 2 நாளும் பாங்கொக்கில் எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது "டாக்சியை விடுங்கோ, ஆற்றுப் படகில் போங்கோ" என்ற யோசனைதான். சபான் தக்சின் ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே சாத்தோர்ன் படகுத்துறை. சாவோ பிரயா ஆற்றில் படகேறி தா தியன் துறையில் இறங்கினோம். வாட் போ என்ற புத்த கோயில் கிட்டத்தான். 46 மீற்றர் நீளமான சயன புத்தரை அம்மா ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தா. அங்கே செருப்பைக் கழற்ற வேண்டும். பிறகு சின்னப் படகில் அக்கரைக்கு, வாட் அருண் கோயிலுக்கு. படிகள் செங்குத்து, அம்மா கீழேயே இருந்துவிட்டா.

எதிர்பாராதது: தாய்லாந்து மன்னர்களின் பெரிய அரண்மனை (Grand Palace) வாசலில் அரைக்காற்சட்டை போட்ட தம்பியை உள்ளே விடவில்லை. முழங்காலை மூடும் உடுப்பு கட்டாயம். வெளியே நீளக் காற்சட்டை வாங்கித்தான் போனோம்.

அப்புறம், யாரும் சொல்லாத ஓர் இடம்: சீலோம் வீதி மாரியம்மன் கோயில். தமிழர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர் வரிசையாக நின்று கும்பிடுவதைப் பார்த்து அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே படம் எடுக்க முடியாது. சுராசக் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.