ஸ்பானிய மொழி பேசுவோர் பெருகிவரும் கத்தோலிக்கப் பங்கில் இரு சமூகங்களையும் இணைப்பது எப்படி?

கேள்வி: சிகாகோ பங்குவாசி

சிகாகோ புறநகரில் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கள் சமூகத்தில்) ஞாயிறு ஸ்பானியத் திருப்பலி வழிபாடு தொடங்கியபோது முன்வரிசைகள் மட்டுமே நிரம்பின. இன்று ஆங்கிலத் திருப்பலிகளில் முதியோரே மிகுந்திருக்க, ஸ்பானியத் திருப்பலிக்கு வருவோர் வாசல்வரை நிற்கிறார்கள். திருமுழுக்கும் புதுநன்மையும் (முதல் நற்கருணையும்) பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிகோக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆனால் பங்கின் ஆலோசனைக் குழுவான பங்குப்பேரவையில் அவர்கள் சார்பில் ஒருவரே இருக்கிறார். கூட்டம் ஆங்கிலத்தில் நடப்பதால் அவரும் பேசுவது அரிது. எல்லாத் திருப்பலிகளையும் இருமொழித் திருப்பலியாக்கினால் பிரிவு நீங்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இதே நிலையைக் கடந்துவந்த பங்குகளின் அனுபவம் என்ன?

பதில் 1: திருச்சபை வரலாற்று மாணவர்

உங்கள் தயக்கம் நியாயமானது. அதற்கான சான்று உங்கள் நகரத்திலேயே இருக்கிறது. பில்சன் பகுதியின் புனித புரோகோப்பியுஸ் பங்கை 1875-இல் தொடங்கியவர்கள் செக் குடியேறிகள். ரூஸ்வெல்ட் சாலையில் உள்ள அசிசி புனித பிரான்சிஸ் பங்கு 1853-இல் ஜெர்மானியருக்காக உருவானது. தம் மொழியில் மறையுரை ஆற்றும் குருக்களும் சொந்தப் பள்ளிகளும் அவர்களுக்கு இருந்தன. அதனால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அமெரிக்கத் திருச்சபைக்கு அந்நியராகிவிடவில்லை.

மெக்சிகோ மக்கள் 1920-களில் அசிசியார் பங்குக்கும், இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காக 1960-களில் வீடுகள் இடிக்கப்பட்டபின் பில்சனுக்கும் பெருமளவில் வந்துசேர்ந்தார்கள். புதிய மொழிவழிப் பங்குகளை அமைப்பதை அதற்குள் ஆயர்கள் பெரும்பாலும் ஊக்குவிக்கவில்லை. ஆகவே பிறர் கட்டிய ஆலயத்துக்குள் விருந்தினரைப் போல நுழைய வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. நியூயார்க்கில் இது இன்னும் வேதனையான வடிவம் எடுத்தது: போர்ட்டோ ரிக்கோ மக்களுக்காக ஸ்பானிய மறையுரையுடன் நடந்த திருப்பலி, பல பங்குகளில் ஆலயத்தின் நிலவறையில்தான் நடந்தது. அவர்களைப் புண்படுத்தியது தனித் திருப்பலி அன்று, அதற்குக் கொடுக்கப்பட்ட இடமே என்று நான் கருதுகிறேன்.

பில்சன் மக்கள் தமக்கான இடத்தைத் தாமே அமைத்துக்கொண்டார்கள். 1976 கிறிஸ்துமஸ் வேளையில் நேர்ந்த தீவிபத்தில் அங்கே குழந்தைகள் பலர் இறந்தார்கள். மீட்க வந்தவர்களுக்கும் மக்களுக்கும் இடையே மொழி தடையாக இருந்தது. அடுத்த ஆண்டு புனித வெள்ளியன்று அவர்கள் தெருவில் தொடங்கிய சிலுவைப்பாதை (இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் ஊர்வலம்), 18-ஆம் தெருவின் நிலையான மரபாகிவிட்டது.

பதில் 2: மறைக்கல்வி ஆசிரியை

பலர் கவனிக்காத ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்கப் பங்குகள் பதிவுப் படிவத்தையும் காணிக்கை உறைகளையும் வைத்தே குடும்பங்களைக் கணக்கிடுகின்றன. லத்தீன் அமெரிக்காவில் ஆலயத்தின் எல்லைக்குள் வாழ்பவர் தம்மைப் பங்கின் மக்களாகவே கருதுகிறார். தனியாகப் பதிவு செய்யும் பழக்கம் அங்கே பொதுவாக இல்லை. குடியுரிமை ஆவணங்கள் இல்லாத குடும்பங்களோ முகவரி எழுதவே அஞ்சுகின்றன. வாரந்தோறும் தவறாமல் வரும் குடும்பம் ஏட்டில் இடம்பெறாமல் போவதற்கும், "இவர்கள் பங்குக்கு எதுவும் செய்வதில்லை" என்ற அநியாயமான பேச்சுக்கும் இதுவே பெரும் காரணம்.

டிசம்பர் 12 அன்று குவாதலூப்பே அன்னையின் விழாவில் விடியுமுன் பாடல், நடனம், எல்லோருக்கும் உணவு என அத்தனையையும் அவர்களே பொறுப்பேற்று நடத்துவதைப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார். பதினைந்து வயதுப் பெண்களுக்கான கின்சியன்யேரா நன்றித் திருப்பலியைப் பங்கு அலுவலகம் தொல்லையாகக் கருதாமல், அந்தக் குடும்பத்தை மறைக்கல்விக்கும் இளையோர் குழுவுக்கும் அழைக்கும் வாய்ப்பாகப் பயன்படுத்தலாம்.

பதில் 3: முன்னாள் பேரவை உறுப்பினர்

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் இருமொழித் திருப்பலியை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய வியாழன் மாலைத் திருப்பலியும் பாஸ்கா திருவிழிப்பும் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு) இயல்பாகவே பங்கு முழுவதற்கும் பொதுவானவை. அவற்றில் வாசகங்களை மொழிவாரியாகப் பிரித்து, மற்ற மொழி வடிவத்தை அச்சிட்டுக் கொடுத்தால் போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை சொல்வது எல்லோரையும் சோர்வடையச் செய்யும். ஏனைய ஞாயிறுகளில் அவரவர் தம் தாய்மொழியிலேயே மன்றாடட்டும்.

அதைவிட முக்கியமானது முடிவெடுக்கும் இடம். திருச்சபைச் சட்டப்படி மேய்ப்புப்பணிப் பேரவை, அதாவது பங்குப்பேரவை, வேண்டுமா என்பது ஆயரின் முடிவைப் பொறுத்தது. நிதிக்குழுவோ ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். ஆலயத்தின் கூரையைப் பழுதுபார்ப்பதா, ஸ்பானிய மொழி அறிந்த அலுவலரை நியமிப்பதா என்பதைப் பங்குத்தந்தை அந்தக் குழுவோடுதான் ஆலோசிப்பார். எனவே பேரவையில் இன்னும் ஓர் இடம் கேட்பதற்கு முன், நிதிக்குழுவில் இருவரைச் சேர்க்கவும், கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமரவும் பங்குத்தந்தையிடம் கோருங்கள்.