நகராத மணி, காணாமல் போன வருடங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

காவிரிக்கரை:

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்தி மிஷினில் போட்டால் நான்கு மணி நேரம். இன்னும் எவ்வளவு பாக்கி என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா அதையே பார்த்தபடி படுத்திருப்பார். மூன்றாவது மணி நேரம்தான் மோசம். பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். “இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்பார். பதில் சொல்லி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, திரும்பவும் கேட்பார்.

போன பொங்கலுக்கு வந்த சித்தப்பா, “இது ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சுண்ணே?” என்று கேட்டார். “ஒரு வருஷம் இருக்கும்” என்றார் அப்பா. உண்மையில் அதற்கு மேல் எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. அப்பாவுக்கு ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர். ஒவ்வொரு நிமிடமாக அவ்வளவு மெதுவாகப் போன காலம், கூட்டிப் பார்க்கும்போது எங்கே போனது? அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890லேயே இதை எழுதியிருக்கிறார். பலவிதமான அனுபவங்கள் நிறைந்த காலம் போகும்போது சீக்கிரம் போய்விடும், பிறகு நினைத்தால் நீளமாக இருக்கும். ஒன்றுமே நடக்காத காலம் போகவே போகாது, பிறகு நினைத்தால் சுருங்கிப் போயிருக்கும். இதை உடம்பாலேயே அனுபவித்தவர் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர். 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் ஒரு குகைக்குள் கடிகாரம் இல்லாமல் தனியாக இறங்கினார். மேலே இருந்தவர்களோடு போனில் பேசும்போது, வினாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ணுவார். அப்படி எண்ணி முடிக்க ஒருமுறை ஐந்து நிமிடம் ஆனது. சோதனை முடிந்துவிட்டது என்று செப்டம்பர் 14 அன்று சொன்னபோது, அன்றைக்கு ஆகஸ்ட் 20 என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருட்டில் ஒரு நாளுக்கும் அடுத்த நாளுக்கும் வித்தியாசமே இல்லாததால் கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர் கணக்கிலேயே வரவில்லை. அப்பாவின் வருடங்களும் இப்படித்தான் போயிருக்கின்றன என்று அப்போது புரிந்தது. அதே கட்டில், அதே வெள்ளைச் சுவர், அதே மிஷின் சத்தம்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது ஒவ்வொரு தடவையும் ஒரு ரூட்டைச் சொல்லச் சொல்கிறேன். திருச்சியில் ஏறினால் விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர், மதுரை. இன்னொரு நாள் மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர், வடமதுரை, திண்டுக்கல். எந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள், எந்த டீக்கடையில் வண்டி நிற்கும், சந்தை நாளில் கூட்டம் எப்படி, எல்லாம் வரும். கால் பிடிப்பு குறையவில்லை, நான்கு மணி நேரம் மூன்றாகவும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும், “துவரங்குறிச்சி சொன்ன அன்னைக்குத்தானே பக்கத்துக் கட்டில் பாய்க்கு பிரஷர் இறங்கிச்சு?” என்று அவரே கேட்கிறார். நாட்களுக்கு அடையாளம் வந்துவிட்டது. எனக்கு அது பெரிய விஷயம்.

நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

சாரம்:

நான் பெயின்ட் காண்ட்ராக்ட் எடுப்பவன். ஒருமுறை சாரக்கட்டை முறிந்து இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தேன். கீழே மணல் குவியல் இருந்ததால் பிழைத்தேன். விழுந்த நேரம் அதிகம் போனால் ஒரு வினாடி. ஆனால் ஜன்னல் கம்பி, கூடவே விழுந்த டப்பா, மேலே நின்ற பையனின் வாய் திறந்திருந்தது, சின்ன மகளுக்கு ஃபீஸ் கட்டவில்லை என்ற நினைப்பு, எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. அந்த நேரத்தில் உலகமே மெதுவாக ஓடியது, நான் சத்தியம் செய்வேன்.

காவிரிக்கரை:

அண்ணே, நல்லபடியாகப் பிழைத்து வந்தீர்களே, அதுவே போதும். நீங்கள் சொல்வதை அமெரிக்காவில் டேவிட் ஈகிள்மேன் என்ற மூளை ஆராய்ச்சியாளரின் குழுவினர் சோதித்திருக்கிறார்கள். 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களை வலையில் விழவிட்டார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை, மற்றவர் விழுந்ததைவிட 36 சதவீதம் அதிகமாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டில் கட்டிய கருவியில் வேகமாக மாறும் எண்களை, விழும்போது கூடுதலாகப் படிக்க முடியவில்லை. 2007இல் இது வெளியானது. அதாவது கண் வேகம் கூடவில்லை. பயத்தில் மனசு எல்லாவற்றையும் பதிந்துகொண்டதால், திரும்பிப் பார்க்கும்போது அது நீள்கிறது என்கிறார்கள். உங்கள் ஒரு வினாடிக்குள் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். அப்பாவின் சில மாதங்களில் அவ்வளவு இல்லை.

வன்னியான்:

தங்கச்சி, நீங்கள் எழுதினது சரி. ஆனால் எங்கள் பக்கத்தில் நேரம் மனசுக்குள் மட்டும் இருக்கவில்லை, அதையும் சொல்ல வேணும். 1996இல் இலங்கை அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, பிறகு அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே இருந்தது. 2002இல் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி திறந்த பிறகு வவுனியாவில் ஏறி ஓமந்தை சோதனைச் சாவடி தாண்டிப் புலிகளின் பக்கம் போனால் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போவோம். மற்றப் பக்கச் சாவடியான முகமாலை தாண்டி அரசாங்கம் வைத்திருந்த யாழ்ப்பாணப் பக்கம் போனால் திரும்ப முன்னுக்கு வருவோம். கலியாண வீட்டுக்கு முகூர்த்தம் சொன்னால் “பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடுவது. சோதனைச் சாவடி வரிசையில் நிற்கிற வெயிலில், மணி எத்தனை என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரும் வேறு வேறு நேரம் சொல்வார்கள். இரண்டும் சரி.

2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். கடைசியாக முகமாலை தாண்டிய நாள் எனக்கு ஒரு வருடம் அளவுக்கு நீளமாக இருக்கிறது. பிறகு வந்த அகதி முகாம் மாதங்கள் உங்கள் அப்பாவின் மாதங்கள் மாதிரி, எண்ணிப் பார்த்தால் கையில் ஒன்றும் வராது.

அப்பா சொல்கிற ஊர்ப் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி, எந்தத் திகதி சொன்னார் என்றும் போட்டு வையுங்கோ. எங்கள் முகாம் நாட்களை அப்படி எழுத ஒருத்தரும் இருக்கவில்லை.