இன்கோனலில் தாங்கிய செராமிக் டிப் எஃகில் கரைந்தது

கோவையில் ஒரு பட்டறையில் பதினோரு ஆண்டுகளாக சிஎன்சி லேத் ஓட்டுகிறேன். சூட்டைத் தாங்கும் நிக்கல் கலப்பு உலோகமான இன்கோனல் 718 வளையங்கள் முதன்முதலில் வந்தபோது, கார்பைடு டிப்பை, அதாவது உலோகத்தைச் சீவும் சிறு வெட்டுமுனையை வைத்து, வெட்டு வேகம் நிமிடத்துக்கு 40 மீட்டருக்கு மேல் போக முடியவில்லை. பிறகு விஸ்கர் (நுண்ணிழை) செராமிக் டிப் வாங்கினோம். அலுமினாவுக்குள் சிலிக்கான் கார்பைடு நுண்ணிழைகள் கலந்தது. ஓர் இழையின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான். ஆனால் விரிசல் ஓடி வந்தால் குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும். அதே வளையத்தை 250 மீட்டரில் கடைந்தோம். சீவல் செக்கச்செவேலென்று பறந்தது, டிப் அப்படியே நின்றது.

அந்தத் தைரியத்தில்தான் தவறு செய்தேன். ஓர் இரவு ஷிஃப்டில் இஎன் 24 எஃகுத் தண்டு அவசரமாக வந்தது. இன்கோனலையே தாங்கியதற்கு எஃகு எம்மாத்திரம் என்று, அதே டிப்பின் மிச்சமிருந்த பக்கத்தைத் திருப்பி மாட்டினேன். சில நிமிடங்களில் அளவு விலகத் தொடங்கியது. கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. சீவல் உரசி ஓடும் மேற்பரப்பில், சப்பிய கற்கண்டைப் போல வழவழப்பான குழி.

சீவல் தொடும் இடத்தின் சூட்டில் இரும்பு சிலிக்கான் கார்பைடோடு வினைபுரிந்து இழைகளைத் தின்றுவிடுகிறது. அலுமினா இரும்பை நன்றாகவே தாங்கும். உறுதிக்காகச் சேர்த்த இழைதான் அங்கே முதலில் போகிறது. கடினப்படுத்திய எஃகுக்கு இப்போது டைட்டானியம் கார்பைடு கலந்த கறுப்பு அலுமினா டிப்பைத்தான் மாட்டுகிறேன்.

*

அண்ணா, உங்கள் செராமிக் டிப் கதையைப் படித்தேன். எனக்குத் தொல்லை இன்கோனலிலேயே வந்தது. 2 மி.மீ. வெட்டாழம் வைத்து, ஆழத்தை மாற்றாமல் பாஸ் மேல் பாஸாக (ஒரு சீவல் ஓட்டம்தான் ஒரு பாஸ்) ஓட்டினேன். டிப்பின் விளிம்பு மற்றபடி புதிதாகவே இருந்தது. வெட்டாழம் முடியும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அரம் வைத்து அராவியதுபோல் பள்ளம். முந்தைய பாஸில் இறுகிப்போன மேல்தோல் அதே புள்ளியில் விடாமல் உரசியிருக்கிறது. இப்போது ஆழம் படிப்படியாகக் குறையும்படி சாய்வாக ஓட்டுகிறேன். உரசும் இடம் விளிம்பில் நகர்ந்துகொண்டே இருப்பதால் பள்ளம் விழத் தாமதமாகிறது. வட்ட டிப் என்றால் இன்னும் நல்லது. குளிர்விக்கும் திரவமான கூலண்டை மட்டும் வெட்டு தொடங்கும் முன்பே திறந்துவிடுங்கள். டிப் சூட்டில் பழுத்த பிறகு திறந்து, விரிசல் விட்டு இரண்டை இழந்தேன்.