கலைச்சொல் வேண்டல்: கிளச் மிதி இல்லாத வண்டியின் கியர்ப்பெட்டிக்குள் ஊற்றும் எண்ணெய்

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டிய செய்முறைத் தாள் ஒன்று, ஒரு சொல் அமையாததால் என் மேசையிலேயே கிடக்கிறது. இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் முடங்கிக் கிடந்ததால், இருபது வயதைத் தாண்டிய ஜப்பானியக் கார்களையே எங்கள் மக்கள் திருத்தித் திருத்தி ஓடுகிறார்கள். அவற்றில் மிகப் பல, தானாகக் கியர் மாறுபவை. அந்தப் பெட்டியின் எண்ணெயை உரிமையாளரே மாற்றிக்கொள்ளும் முறையை எழுதித் தரும்படி மாணவர்கள் கேட்டார்கள். எழுதினேன், எண்ணெய்க்கு "கியர் ஒயில்" என்றே பெயரிட்டிருந்தேன்.

சென்ற மாதம் அந்த வரைவை வைத்துக்கொண்டு ஒரு மாணவர் கடைக்குப் போனார். "கியர் ஒயில்" என்று கேட்டார். கடைக்காரரும் கேட்டதையே கொடுத்தார். வந்தது தொண்ணூறாம் எண் தடித்த எண்ணெய், கையால் கியர் மாற்றும் பெட்டிக்கு உரியது. புனலில் ஊற்றத் தொடங்கியபோது அது தேன்போல் நூலிழுத்து இறங்கியதைக் கண்டு பாய்ந்து தடுத்தேன். தானாக மாறும் பெட்டியில் கிளச் தட்டுகளை இறுக்குவதும் விடுவிப்பதும் எண்ணெயின் அழுத்தந்தான்; ஊசித் துளை போன்ற வழிகளினூடாக அது ஓடவேண்டும். அந்தத் தடித்த எண்ணெய் உள்ளே போயிருந்தால் ஒரு குடும்பத்தின் வண்டி அன்றோடு நின்றிருக்கும். பிழை மாணவருடையதும் அன்று, கடைக்காரருடையதும் அன்று. என் சொல்லின் பிழை.

"ஓட்டோ ஒயில்" என்று எழுதலாமா என்றால், இங்கே ஓட்டோ என்பது முச்சக்கர வண்டி. ஆகையால் வேறொரு எண்ணெயோடு குழம்பாத, வாயால் சொல்லக்கூடிய ஒரு சொல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவி.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மடல் கவலையையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்தது. சொல்லின் பிழை பொருளின் பிழையாக முடியும் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எளிதில் கிடைப்பதில்லை.

பொறியியல் அகராதிகளில் பழகிய உறுப்புகளைக் கொண்டே கட்டலாம். விசையை எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் அமைப்பு "செலுத்தம்". நீர்மத்தையும் வளிமத்தையும் சேர்த்துக் குறிக்கும் "பாய்மம்" எங்கள் பள்ளிப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. எனவே "தானியங்கு செலுத்தப் பாய்மம்" என்பது என் பரிந்துரை. "தானியங்கி" என்று எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இகர ஈறு பெற்றுவிட்டால் அது கருவியையோ செய்வோனையோ சுட்டும் பெயராகிவிடுகிறது. இங்கே நமக்கு வேண்டியது செலுத்தத்தைத் தழுவி நிற்கும் வினைத்தொகை.

"எண்ணெய்" என்பதை நான் தவிர்த்ததற்கும் காரணம் உண்டு. எண்ணெய் என்றவுடன் வழவழப்பு ஒன்றே நினைவுக்கு வரும். நீங்கள் விளக்கிய பொருளோ அழுத்தத்தைக் கடத்துகிறது, வெப்பத்தை எடுத்துப் போகிறது, வழவழப்பும் தருகிறது. இம்மூன்றையும் பாய்மம் என்ற பொதுச்சொல்லே தாங்கும்.

கோயம்புத்தூர், வாகனப் பட்டறை உரிமையாளர்

ஐயா அவர்களின் இலக்கணத்தோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் காரின் அடியில் மல்லாந்து படுத்து, வடியும் சூடான எண்ணெய் முழங்கைவரை வழியும்போது, "தானியங்கு செலுத்தப் பாய்மம் கொண்டு வா" என்று எந்தப் பையனிடமும் என்னால் சொல்ல முடியாது. ஐந்து அசைக்கு மேல் போகிற எதுவும் பட்டறையில் பிழைக்காது. டப்பாவில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் என்பதன் சுருக்கம்) என்று அச்சிட்டிருக்கிறது; கடைக்காரருக்கும் அதுதான் தெரியும். மாணவர் ஏடிஎஃப் என்று கேட்டிருந்தால் இந்த விபரீதமே நேர்ந்திருக்காது. பிற மொழிச் சொல் ஓர் உயிரை, இல்லை ஒரு கியர்ப்பெட்டியைக் காப்பாற்றும் என்றால் அதை ஏற்பதில் தமிழுக்கு என்ன இழுக்கு?

தமிழில்தான் வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். எங்கள் பையன்கள் இதைச் சிவப்பு ஆயில் என்பார்கள். ஒழுகினால் எஞ்சின் எண்ணெயா இதுவா என்று தரையைப் பார்த்தே தெரிந்துகொள்வதற்காகத்தான் தயாரிப்பாளர்கள் சிவப்புச் சாயம் கலக்கிறார்கள். அதையே "செந்நெய்" என்று வைத்துவிடலாம். இரண்டே அசை.

ரொறன்ரோ, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கு,

செந்நெய் என்ற சொல்லின் அழகு என்னைக் கட்டிப்போட்டது. ஆயினும் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் என் சொந்தக் கராஜில் இருக்கிறது.

என்னிடம் 2005ஆம் ஆண்டுக் கம்றிக் கார் ஒன்று உண்டு. அதன் எண்ணெயை நானே மாற்றினேன். வடிதிருகைக் கழற்றியபோது விழுந்தது சிவப்பு அன்று. ஆறிப்போன சாயத்தண்ணீரின் (பால் சேர்க்காத தேநீரின்) நிறம். அடித்தட்டை இறக்கினால், அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்த காந்தங்களின்மேல் சாம்பல் நிறப் பசை விரற்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. இரு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன். மைபோல மென்மையாக இருந்தது, மணல் தட்டுப்படவில்லை. தேய்மானம் இயல்பானது என்று அதனால்தான் நிம்மதியடைந்தேன். இரும்புச் சில்லுகள் அகப்பட்டிருந்தால் கதை வேறு. இப்போது பாருங்கள்: மாற்றவேண்டிய வேளையில் சிவப்பாக இல்லாத ஒன்றைச் செந்நெய் என்று பெயரிட்டால், புதிதாகக் கற்பவர் வடிந்த பழுப்பு நிறத்தைப் பார்த்து "தவறான திருகைக் கழற்றிவிட்டேனோ" என்று திகைப்பார். ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் ஏழு வேகப் பெட்டிக்குரிய எண்ணெய் நீல நிறம் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

பாய்மத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. பாய்மம் என்பதில் காற்றும் அடங்கும். குப்பியில் வாங்கி ஊற்றும் ஒன்றுக்கு அவ்வளவு அகன்ற சொல் தேவையில்லை. ஐயாவின் "செலுத்து" என்ற வினையையும் பட்டறை ஐயாவின் "நெய்" என்ற ஈற்றையும் சேர்த்து "செலுத்துநெய்" என்றால் என்ன? இந்தப் பெட்டியில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே இரும்புப் பிணைப்பு எப்போதும் இருப்பதில்லை. இடையிலுள்ள முறுக்கு மாற்றி (torque converter) என்ற கூட்டுக்குள் ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றி வீச, எதிரே உள்ள விசிறி அந்த வீச்சில் சுழல்கிறது. வண்டியை நகர்த்துவதே அந்த நெய்தான். செலுத்துநெய் என்பது ஒப்புமைப் பெயர் அன்று. அதன் வேலையை நேராகச் சொல்வது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்புள்ள அம்மா,

நீங்கள் நெய்யைத் தொட்டுவிட்டீர்கள். இனி நான் சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

எள்ளின் நெய்யே எண்ணெய் என்பது யாவரும் அறிந்தது. பிறகு தேங்காயிலிருந்து வந்ததும் எண்ணெய் ஆயிற்று, மண்ணிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் ஆயிற்று. உள்ளே எள் இருப்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆனால் நெய் என்ற வேர்ச்சொல் தொடக்கத்திலிருந்தே அகன்ற பொருளுடையது. பொருநராற்றுப்படையில் தேனெய்யைக் கொடுத்துக் கிழங்கை மாற்றிக்கொள்கிறார்கள். மீனெய்யைக் கொடுத்து நறவை, அதாவது கள்ளை, பெறுகிறார்கள். தேனும் நெய், மீன் கொழுப்பும் நெய். நாம் பெயர் தேடும் இந்த எண்ணெயில் 1970களின் தொடக்கம்வரை திமிங்கில நெய் கலக்கப்பட்டு வந்தது என்று வாசித்திருக்கிறேன். மீனெய் பாடிய புலவருக்கு அது வியப்பாக இருந்திராது. ஆகவே செயற்கையாகச் செய்த நெய்யையும் நெய் என்பதற்கு மரபு தடையில்லை.

செலுத்து என்பதற்கு வருகிறேன். செல் என்ற தன்வினையின் பிறவினை அது. பயணத்தைக் குறித்த "செலவு" இன்று பணம் போவதை மட்டும் குறிக்கிறது. அகப்பாடல் தலைவன் செலவழுங்கினான், அதாவது பயணத்தைத் தவிர்த்தான், என்றால் சிக்கனம் செய்தான் என்று இன்றைய மாணவர் பொருள்கொள்ளக்கூடும். செலுத்தம் என்ற சொல்லால் அந்தப் பழைய செலவு மீண்டும் வண்டிக்குள் வந்து அமர்கிறது. புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகரான உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் கட்டிவைத்த சேம அச்சை (மாற்று அச்சை) அதியமானின் மகனுக்கு உவமையாக்கினார். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று முன்கூட்டி எண்ணியவர்கள் அவர்கள். வண்டி பேணும் அறிவு நமக்குப் புதிதன்று. வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு இட்ட வண்டி மை, மசகு ஆகிய சொற்கள் என் இளமையில் வீட்டில் வழங்கின. காந்தத்தில் மை கண்டதாக நீங்கள் எழுதியபோது அந்த மணம் எனக்கு வந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகும் பாய்மத்தையே நான் விரும்புகிறேன். செலுத்துநெய் வினைத்தொகை. செலுத்துகின்ற நெய்யா, செலுத்தப்படும் நெய்யா? ஊசியால் செலுத்தும் மருந்துநெய் என்றும் ஒருவர் கொள்ளலாமே.

கோயம்புத்தூர், வாகனப் பட்டறை உரிமையாளர்

சேம அச்சு கேட்டு நெகிழ்ந்தேன், ஐயா. ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லியே ஆகவேண்டும். பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் பவர் ஸ்டீயரிங்கிலும் இதே எண்ணெயைத்தான் ஊற்றுகிறோம். அங்கே அது எதையும் செலுத்துவதில்லை, திருப்ப உதவுகிறது. அங்கே என்ன பெயர் சொல்வீர்கள்? டப்பாவின் பெயர் ஒன்றாகவே இருக்கவேண்டும். அதனால் ஏடிஎஃப் என்பதில் நான் நிற்கிறேன்.

தாளைப் பற்றியும் ஒன்று. "பழைய எண்ணெயை மாற்றவும்" என்று எழுதினால் முழுவதும் மாறிவிட்டதாக நினைப்பார்கள். திருகைக் கழற்றினால் ஒரு பகுதிதான் வடியும். மீதி முறுக்கு மாற்றிக்குள்ளும் குளிர்விக்கும் குழாய்களிலும் தங்கிவிடும். இதற்கு ஒரு வினைச்சொல்லைத் தேடுங்கள். பெயர்ச்சொல்லைவிட அது அவசரம்.

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. நாள் நெருங்குகிறது, நேற்று வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிவுக்கு வருகிறேன்.

அலமாரியில் மூன்று குப்பிகளை வைத்தேன்: எஞ்சின் எண்ணெய், தொண்ணூறாம் எண் தடித்த எண்ணெய், எங்கள் கொரோலாக் காரின் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுக்கோலில் பொறித்திருக்கும் குறியீட்டைக் கொண்ட எண்ணெய். இதுவரை இந்தப் பாடத்தைப் படிக்காத பதினான்கு பேரை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து, வெவ்வேறு பெயர் எழுதிய துண்டைக் கொடுத்து எடுத்துவரச் சொன்னேன். "கியர் எண்ணெய்" என்ற துண்டைப் பெற்றவர்கள் அனைவரும் தயங்காமல் தடித்த எண்ணெயை எடுத்தார்கள். "தானியங்கு செலுத்தப் பாய்மம்" கிடைத்தவர்கள் வாசித்து முடிக்கவே சிரமப்பட்டார்கள். ஒருவர் "தானியம்" என்று பிரித்து வாசித்தார். "செலுத்துநெய்" கிடைத்தவர்களில் எவரும் எதையும் எடுக்கவில்லை. துண்டோடு என்னிடமே திரும்பி வந்து, "சேர், இது எது?" என்று கேட்டார்கள்.

என் மனத்தை மாற்றியது அந்தக் கேள்விதான். விளங்காத சொல் பயனற்றது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் பாதி விளங்குவதுபோல் தோன்றும் சொல் கையைத் தவறான குப்பிக்குக் கொண்டுபோகிறது. முற்றிலும் புதிய சொல் கையை நிறுத்திக் கேட்கவைக்கிறது. முன்பு யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது ஆக்கிய சொற்களும், முதல் நாளில் மாணவர்களைக் கேட்கவைத்த சொற்களாகத்தான் இருந்திருக்கும்.

ஏடிஎஃப் கிடைத்தவர்கள் குப்பியிலுள்ள எழுத்தைப் பார்த்துச் சரியாக எடுத்தார்கள் என்பதையும் மறைக்கமாட்டேன். ஆயினும் ஏடிஎஃப் என்று கேட்டால் கடையில் ஐந்தாறு வகை உண்டு. பட்டிகளால் இயங்கும் (CVT எனப்படும்) பெட்டிக்கு உரியது முற்றிலும் வேறு. சரியானதைச் சொல்வது அளவுக்கோலிலோ கைந்நூலிலோ உள்ள குறியீடு மட்டுமே.

ஆகவே தாள் இப்படி அமைகிறது. தலைப்பில் செலுத்துநெய். அதன் கீழே, "இது கியர் எண்ணெய் அன்று, கடையில் ஏடிஎஃப் எனப்படும், உங்கள் வண்டியின் குறியீட்டை இங்கே எழுதுங்கள்" என்று ஒரு வெற்றுக் கட்டம். கோவை ஐயா கேட்ட வினைச்சொல்லுக்கு, "மாற்றுதல்" என்பதை நீக்கி "வடித்து நிரப்புதல்" என்று எழுதிவிட்டேன். உள்ளே ஏழு லீற்றர் இருந்து, மூன்று வடிகிறது என்றால், ஒரு தடவையில் புதியது 43 விழுக்காடு. சில நாள் ஓடி மறுபடி செய்தால் 67. மூன்றாம் தடவை 81. வடிந்ததைப் போத்தலில் அளந்து அதே அளவு ஊற்றவேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் வண்டியில் வடிந்தது 2.9 லீற்றர்.

பழைய பெட்டியில் புதிய நெய்யை ஊற்றினால் வழுக்கத் தொடங்கும் என்ற அச்சத்தைப் பற்றியும் எழுதியுள்ளேன். கிளச் தட்டுகள் முன்பே தேய்ந்துபோன பெட்டியை எந்த நெய்யும் மீட்காது. வடியும் நெய் கருகி நாறினால் முதலில் அனுபவமுள்ளவரிடம் காட்டவேண்டும். இளஞ்சிவப்புப் பால்போல் இருந்தால் ரேடியேற்றர் தண்ணீர் கலந்துவிட்டது. அதை வடித்து நிரப்பி மூடிவிடக் கூடாது.

மதுரை ஐயா மன்னிக்கவேண்டும். பாய்மத்தைத் தாளின் பின்பக்க விளக்கத்தில் ஓரிடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன்.

ரொறன்ரோ, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

மகிழ்ச்சி. கடைசிப் படியில் ஒரு சேர்க்கை: நிரப்பிய பின் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியர்த் தண்டை ஒவ்வோர் இடத்துக்கும் மெல்ல நகர்த்தி, ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, மீண்டும் தரிப்பு (P) நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே கோலைப் பார்க்கவேண்டும் என்று எழுதுங்கள். என் கம்றியில் எஞ்சின் ஓடும்போது பார்க்கவேண்டும். ஹொண்டாவில் நிறுத்திய பின் பார்க்கவேண்டும். இதையும் கைந்நூலைப் பார்த்தே நிரப்பும்படி ஒரு கட்டமாக விட்டுவிடுங்கள்.

கோயம்புத்தூர், வாகனப் பட்டறை உரிமையாளர்

தாள் அருமையாக வந்திருக்கிறது. கட்டம் போட்டது மிகச் சரி. பெயர் விஷயத்தில் என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன்; பாய்மத்தை நான் கைவிட்டதாக எவரும் எழுதிவிடவேண்டாம். தம்பி, மெய்ப்புத் திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். செலுத்துநெய் ஒரே சொல். அச்சுக்கோப்பவர் இடைவெளி விட்டு "செலுத்து நெய்" என்று பிரித்துவிட்டால் அது நெய்யைச் செலுத்தும்படி இடும் ஏவலாகிவிடும். தலைப்பில் அப்படி நின்றால், படிப்பவர் அளக்காமல் ஊற்றத் தொடங்கிவிடுவார்.